மாப்பிள்ளை முறுக்கு

மனித குல வரலாறு மொத்தம் இரண்டே காலங்கள்தான்: கையால் தூக்கிய காலம், ஸ்பிரிங் வந்த பிறகு வந்த காலம். நெருப்பு, சக்கரம், எழுத்து இதெல்லாம் நடுவில் வந்த உதிரிச் சமாசாரங்கள். இன்றைக்கும் ஒருவன் ஒரு கனத்தைக் கையால் தூக்குகிறான் என்றால், அவன் உடம்பு மட்டும் இந்த நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் இன்னும் குகையைவிட்டுக் கிளம்பவே இல்லை என்று பொருள்.

இது பெரிய மாப்பிள்ளையின் கருத்து. கருத்து என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். உண்மை என்று சொல்ல வேண்டும்.

அவருக்குத் தொழில், சாமான்களோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுவது. துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், தலைமுடி காயவைக்கும் கருவி, எதுவானாலும் ‘முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்று ஆரம்பித்து, ‘மேற்கண்டவாறு செய்தும் சரியாகாவிட்டால் அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்’ என்று கொண்டுபோய் முடித்துவிடுவார். உடம்பு பிடித்துவிடும் நாற்காலி ஒன்றுக்கு அவர் எழுதிய கையேடு கம்பெனியில் பெரிய பேர் வாங்கியது. அந்த நாற்காலியில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் நடுநிலைமை போய்விடும் என்றார்.

வீட்டில் அவருக்குக் ‘கையேடு’ என்றே பேர். வைத்தது மச்சினி. முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பேர், கொஞ்ச நாளில் முகத்துக்கு நேராகவே வர ஆரம்பித்தது. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வைத்த பேரின் ருசியே போய்விட்டது என்று மச்சினிக்கு வருத்தம்.

மாமனார் பெரிய மகள் வீட்டில், இவர்களோடுதான் இருந்தார். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, வாசல் படியில் சக்கர நாற்காலி ஏறாது என்று இரண்டு ஆட்கள் அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. மாமா வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். இனிமேல் இந்த மனிதரை யாரும் தூக்கக்கூடாது என்று பெரிய மாப்பிள்ளை அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். கூடத்துக்கும் கராஜுக்கும் நடுவில் சறுக்கலாக ஒரு மேடை போட்டார். பட்டனை அமுக்கினால் கராஜின் அகலமான மரக்கதவு பலகை பலகையாக மடங்கி ஏறி, கூரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். மாமாவின் நாற்காலி நேராகத் தெருவுக்கு. அதற்கு ‘மாமா வாசல்’ என்று பேர் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பட்டனை அமுக்கிக் காட்டினார். நல்ல காரியம்தான். நல்ல காரியம் செய்துவிட்ட மனிதரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு பாடு என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

அன்று காலை போன் வந்தது. மாமாவின் அக்கா மகன் பேசினான்.

"அம்மாவுக்கு முடியல. டாக்டர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. நினைவு இருக்கு. ‘தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானா’ன்னு கேட்டுட்டே இருக்காங்க. மாமாவைக் கூட்டிட்டு இன்னைக்கே வந்துடுங்க. நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க."

தாயில்லாப் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்த அக்கா அவர். மாமாவுக்கு இப்போது எந்த வார்த்தையும் முழுசாக வராது, எல்லாம் பாதி வழியில் குழறிவிடும். ‘அக்கா’ மட்டும் சுத்தமாக வரும்.

மகள் அவருக்கு முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, தலை வாரிவிட்டாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கராஜில் கதவைப் பார்த்து நிறுத்தினாள். மச்சினியின் கணவரான சின்ன மாப்பிள்ளை தன் காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். பெரிய மாப்பிள்ளை பட்டனை அமுக்கினார்.

டமார் என்று ஒரு சத்தம். மேலேயிருந்து துரு உதிர்ந்து மாமாவின் தேய்த்த சட்டையில் விழுந்தது. கதவு ஒரு சாண் எழுந்து, யோசித்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ, சிலிண்டரா?" என்று மனைவி சமையலறைக்கு ஓடப் போனாள்.

"நில்லு, நில்லு. ஸ்பிரிங்தான்." பெரிய மாப்பிள்ளையின் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அண்ணாந்து பார்த்தார். கதவுக்கு மேலே குறுக்காக ஓடிய இரும்புத் தண்டில் இடது பக்கத்து ஸ்பிரிங் இரண்டாக முறிந்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு இளித்துக்கொண்டிருந்தது. "நல்லாக் கேட்டுக்கோ. கராஜ் கதவு ஸ்பிரிங்ல ரெண்டு வகை. ஒண்ணு இழுவை. அது கதவு ஓடுற தண்டவாளத்துக்கு மேல, ரெண்டு ஓரத்துலயும் நீளமா இருக்கும். கதவை இறக்கினா இழுபடும், ஏத்தினா சுருங்கும். அறுந்தா சாட்டை மாதிரி பாயும், அதனால அதுக்குள்ள ஒரு காவல் கயிறு ஓடணும். நம்மளோடது அது இல்ல. நம்மளோடது முறுக்கு. இது இழுபடாது, முறுக்கிக்கும். முறுக்கு அவிழுறப்போ தண்டு சுத்தும், ஓரத்துல இருக்கிற உருளை கம்பிக் கயிறைச் சுருட்டும், கதவு மேல வரும். மோட்டார்லாம் சும்மா பேருக்கு. கனம் மொத்தத்தையும் தூக்குறது முறுக்குதான்."

"மூணாவது வகை ஒண்ணு இருக்கு," என்றாள் மனைவி. "மாப்பிள்ளை முறுக்கு. அது எந்தக் கதவையும் தூக்காது. ஆளைக் கூப்பிடுங்க. நம்பர் பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு."

"ஆள் வந்து என்ன பண்ணுவான்? எங்கேயோ படிச்சதை வந்து பண்ணுவான். படிச்சவன் இங்கேயே நிக்கிறேன்."

ஹாரன் அடித்து அலுத்துப்போன சின்ன மாப்பிள்ளை வாசல் படியேறி, கூடம் வழியாக உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் நெற்றியைச் சுருக்கித்தான் பார்ப்பார்.

"என்ன சகலை, மாமனாருக்கு வேட்டு வெச்சு வழியனுப்புறீங்களா?" என்றவர், அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "சரி விடுங்க. கதவைப் பிடிச்சுத் தூக்கிப் பாப்போம்."

இரண்டு பேரும் குனிந்து, விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்தார்கள். முழங்கால் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஏற்றினால் தங்களையும் யாராவது தூக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

"அப்ப மாமாவைத் தூக்கிடலாம்," என்றார் சின்ன மாப்பிள்ளை. "நீங்க தோளைப் பிடிங்க, நான் காலைப் பிடிக்கிறேன். படியை இறங்கினா கார். ரெண்டு நிமிஷ வேலை."

"தூக்குறதா?" பெரிய மாப்பிள்ளை அந்த வார்த்தையை ஏதோ எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்தார். "மாமா என்ன பீரோவா? வீடு காலி பண்றோமா? மூட்டை தூக்குற புத்தி சகலை இது. உங்க கடைக்குக் கண்ணு தெரியலன்னு ஒருத்தர் வந்தா கண்ணாடி குடுப்பீங்களா, இல்ல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வீட்டுல விடுவீங்களா?"

முதுகுவலிக்கு இறுக்கமாகப் பெல்ட் கட்டியிருந்த சின்ன மாப்பிள்ளைக்கு இந்த வாதம் அவ்வளவு மோசமாகப் படவில்லை. "அதுவும் சரிதான்," என்றார். "அப்ப நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

"அப்பாவைக் கேளுங்களேன்," என்றாள் மனைவி.

பெரிய மாப்பிள்ளை நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். "மாமா, ஸ்பிரிங் மாத்திடறேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும். நீங்க ராஜா மாதிரி உங்க வாசல் வழியாவே போகலாம். என்ன சொல்றீங்க?"

பெண் கொடுத்த நாளிலிருந்து மாமா எந்த மாப்பிள்ளையிடமும் எதையும் மறுத்துப் பேசியவர் இல்லை. எதையும் கேட்டதும் இல்லை. பழக்கதோஷம். வாயைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக மேலேற்றினார். "மாப்... பிள்ளை சொன்னா... சரியா இருக்கும்."

"பாத்தியா?" என்றார் பெரிய மாப்பிள்ளை மனைவியிடம்.

அவள் பார்த்தாள். அவரை இல்லை, அப்பாவை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவெடுக்கும் வேலையைப் பெரிய மாப்பிள்ளை அப்பழுக்கில்லாமல் செய்தார். கம்பியின் கனம், சுருளின் உள்வாய், நீளம், எல்லாம். உடையாமல் இருந்த வலது பக்கத்து ஸ்பிரிங்கையும் அளந்தார். "அது நல்லாத்தானே இருக்கு?" என்று மனைவி கேட்டதற்கு, ஏணியில் நின்றபடியே விளக்கம் சொன்னார். "ரெண்டும் ஒண்ணா வந்தது. ஒண்ணா உழைச்சது. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் ரொம்ப நாள் தாங்காது. ஜோடியாத்தான் மாத்தணும்."

சொல்லி முடித்த பிறகுதான் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவி மட்டும், இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் ஏணி நிற்காது என்பதுபோலப் பார்த்தாள்.

கடைக்குப் போய் வந்தார். கடைக்காரர் போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே ஒரு ஜோடியை எடுத்து வைத்துவிட்டு, திரும்பவும் சண்டைக்குப் போய்விட்டார். ஒன்றின் முனையில் சிவப்பு மை, ஒட்டுச்சீட்டில் ‘வலது’. இன்னொன்றில் கறுப்பு மை, ‘இடது’. பெரிய மாப்பிள்ளைக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒட்டுச்சீட்டு ஒட்டத் தெரிந்த ஊர் உருப்படும் என்பது அவர் கட்சி.

முறுக்கோடு இருந்த பழைய ஸ்பிரிங்கை அவிழ்ப்பதுதான் இந்த வேலையில் ஆபத்தான கட்டம். திருப்புளியை நுழைத்துத் திருகுகிற அவசரக்காரர்கள் பல்லையும் கண்ணையும் இழப்பது இங்கேதான். அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. இதற்கென்றே இருக்கும் இரண்டு இரும்புக் கம்பிகளை வாங்கி வந்திருந்தார். ஒன்றைத் துளையில் செருகித் தாங்கிக்கொண்டு, இன்னொன்றை அடுத்த துளையில் செருகி, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கை இறக்கினார். அவிழ்த்து முடித்ததும் ஏணியிலிருந்தே, "மாமா, பாதி வேலை முடிஞ்சுது!" என்றார். மாமா தலையாட்டினார். ‘ஆச்சா?’ என்று கேட்கிற தலையாட்டல் அது. ‘ஆச்சு’ என்று சொல்கிறார் என அவர் நினைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. மனைவி கூடத்து நிலையில் சாய்ந்து நின்று பேசினாள். "கிளம்பிட்டே இருக்கோம்... ஆமா, சட்டையெல்லாம் போட்டு ரெடியா இருக்காரு... இல்ல, ஒரு சின்ன வேலை... அத்தை கிட்ட போனை வையேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை அப்பாவின் காதில் வைத்தாள். 

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மாமாவின் நல்ல கை மட்டும் நாற்காலிக் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "வர்... றேன்க்கா," என்றார். "இதோ... வாசல்லதான்... இருக்கேன்."

பெரிய மாப்பிள்ளை ஏணியில் ஒரு கணம் நின்றார். பிறகு இன்னும் வேகமாக வேலை செய்தார். அதில் குறை சொல்ல முடியாது.

புதுசை மாட்டும்போது மனைவி கீழேயிருந்து கேட்டாள். "பழசுல இடது பக்கம் இருந்தது சிவப்பு மை. நீங்க கறுப்பை மாட்டுறீங்க?"

"இதுல ‘இடது’ன்னு எழுதியிருக்கு. இடது பக்கம் மாட்டுறேன். இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப பழசு?"

"பழசை மாட்டினவன் மாத்தி மாட்டியிருக்கான். அதான் உடைஞ்சிருக்கு. எழுதியிருக்கிறதைப் படிக்காதவன் கையில கம்பியைக் குடுத்தா இப்படித்தான்."

டீ குடித்துவிட்டு எப்போதோ திரும்பியிருந்த சின்ன மாப்பிள்ளை, காலி பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து, "சகலை சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். ஊசி எங்கே ஏறியது என்று யாருக்கும் தெரியாதபடிக்குச் சொல்வது அவருக்குக் கைவந்த கலை.

இரண்டு பக்கமும் முறுக்கி, திருகுகளை இறுக்கி, தண்டைப் பிடித்திருந்த பிடியைப் பெரிய மாப்பிள்ளை தளர்த்தினார். தண்டு சுற்றியது. சுற்ற வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. இறுக வேண்டிய கம்பிக் கயிறுகள் இரண்டும் தொளதொளத்து, உருளையைவிட்டு நழுவி, சரசரவென்று இறங்கித் தரையில் வளையம் வளையமாக விழுந்தன. ஒரு வளையம் மாமாவின் மடியில் விழுந்தது. கதவு அசையவே இல்லை. மிச்ச முறுக்கும் அவிழ்வதற்குள் அவர் பிடியைத் திரும்ப இறுக்கினார்.

பெரிய மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைத் திறந்து, உதடு அசையப் படித்தார். அந்தத் தொழிலில் ‘இடது’ என்றால் கதவின் இடது பக்கம் இல்லை. சுருள் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறதோ அது. இடது முறுக்கு வலது பக்கத்துக்கு. வலது முறுக்கு இடது பக்கத்துக்கு. உலகத்தில் எல்லாருக்கும் புரியும் என்று அவர் வாழ்நாளெல்லாம் நம்பி எழுதி வந்த இரண்டு வார்த்தைகள் அவை. ‘இடது பக்கப் பொத்தானை அழுத்தவும்.’ எத்தனை ஆயிரம் பேர் எந்தப் பொத்தானை அழுத்தினார்களோ.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"ரெண்டையும் அவிழ்த்து, பக்கம் மாத்தி மாட்டணும்."

"அதாவது, பழசை மாட்டினவன் சரியா மாட்டியிருந்தான்."

"ஒரு மணி நேரம் குடு."

"சகலை," என்று சின்ன மாப்பிள்ளை எழுந்தார். "இப்பவாவது தூக்கிடலாமே. என் முதுகு போனாப் போகுது."

பெரிய மாப்பிள்ளைக்கு அப்போது தெரிந்துவிட்டது. தூக்கினால் ஆச்சு என்பது நன்றாகவே தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது தூக்கினால், காலையிலேயே தூக்கியிருக்கலாம் என்று ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் கதவு திறந்தால் காலையிலிருந்து நடந்த எல்லாமே சரி என்று ஆகிவிடும். 

"இத்தனை செஞ்சாச்சு. இப்பப் போய்க் காட்டுமிராண்டி மாதிரி..." என்று ஏணியில் ஏறினார்.

மனைவி பிரிட்ஜ் மேலிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். வேறு யாரோ கைவைத்துப் பாதியில் நிற்கிற கதவென்றால் நாளைக் காலையில்தான் என்றான் அந்த ஆள். அவள் போனை வைத்துவிட்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த வீட்டுல முறுக்கே இல்லாத ஒரே ஆள் எங்கப்பா. அவரைத்தான் அடைச்சு வெச்சிருக்கீங்க."

"அடைச்சா வெச்சிருக்கேன்? யாருக்காக இவ்வளவும் பண்றேன்?"

"அதைத்தான் காலையிலருந்து நானும் கேக்கணும்னு இருக்கேன்."

அவர் கம்பியைத் துளையில் செருகினார். முதல் ஸ்பிரிங்கை அவிழ்த்தார். இரண்டாவதைப் பாதி அவிழ்த்தார். அப்போது போன் அடித்தது. இந்தத் தடவை மனைவி நிலைப்படிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே எடுத்தாள். "ம்," என்றாள். "எப்போ?" என்றாள். "சரி," என்றாள். போனை அணைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கம்பி பாதிச் சுற்றில் நின்றது. முறுக்கின் பலம் முழுக்க உள்ளங்கையில் முட்டிக்கொண்டிருந்தது. விட முடியாது. விட்டால் கம்பி பறந்துவரும். அதனால் அவர் அங்கேயே, சுவரைப் பார்த்தபடி, கீழே நடப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அப்பா," என்று மகள் குனிந்தாள்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மடியில் கிடந்த கம்பிக் கயிற்றை நல்ல கையால் எடுத்துக் கீழே போட்டார். சட்டையில் இருந்த துருவைத் தட்டினார். பிறகு, சத்தமே இல்லாத அந்த ஏணிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாதபோது எப்போதும் பேசுகிற மரியாதையோடு கேட்டார்:

"கதவு... ஆச்சா... மாப்பிள்ளை?"

பெரிய மாப்பிள்ளை இரண்டாவது ஸ்பிரிங்கையும் முழுக்க அவிழ்த்தார். அவசரப்படவில்லை. அவசரப்படக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. கம்பிகளைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு இறங்கினார். கையிலிருந்த கிரீஸைத் தன் சட்டையிலேயே துடைத்தார். துடைத்த இடம் போதாமல் இன்னொரு தடவை துடைத்தார்.

நாற்காலியைத் திருப்பிக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். வாசல் படியின் விளிம்பில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டார். முன்னால் மண்டியிட்டு, மாமாவின் நல்ல கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். மாமாவின் முகச்சவரம் செய்த கன்னம் அவர் காதில் உரசியது.

"சகலை," என்றார். குரல் தணிந்திருந்தது. "காலைப் பிடிங்க."

சின்ன மாப்பிள்ளை வந்து பிடித்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்; நாலு நாளைக்குத் தாங்கும்படியான ஒன்று அவர் வாய் வரைக்கும் வந்திருக்கும். சொல்லவில்லை.

தூக்கினார்கள். படிக்கட்டு ஒரு இடத்தில் திரும்பும். அங்கே மட்டும் கொஞ்சம் நின்று, சுவரில் மாமாவின் தோள் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பினார்கள். அவ்வளவுதான். அதற்குள் தெரு வந்துவிட்டது. பின்னால் காலி நாற்காலியை மடித்துக்கொண்டு வந்த மனைவி, இன்னும் இரண்டு படிகூட இறங்கியிருக்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு... சிரமம்," என்றார் மாமா, அவர் கழுத்துக்குள்.

பெரிய மாப்பிள்ளை அவரைக் கார் சீட்டில் இறக்கி உட்கார வைத்தார். பிறகு குனிந்து, தானாக வராத அந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார்.